வீட்டை விட்டுப் போகாத விசுவாசிகள்

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' கதையில் நாயகன் முதலில் செய்யும் காரியம் வீட்டை விட்டு ஓடுவதுதான். மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வரச் சொல்லிக் கூவுகிறார்கள். அவன் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு ஓடுகிறான். பின்னால் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்ல பனியனுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் பிடித்தன; மனைவியும் நான்கு மகன்களும் புறப்படும் இரண்டாம் பாகம் 1684இல்தான் வந்தது. இந்தக் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894இல் தந்தார். நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்ற ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த அவர், 1858இல் ஞானஸ்நானம் பெற்றது சொந்த ஊரில் அல்ல, வெகுதூரத்தில், சென்னை மயிலாப்பூரில்.

இப்படிக் கிளம்பிப் போனவர்களைக் கிறிஸ்தவ வரலாறு நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. கிளம்பாதவர்களைப் பற்றிய பதிவு குறைவு. அதே வீட்டில், அதே அடுப்படியில், இயேசுவை ஏற்காத கணவனோடும் மாமியாரோடும் பிள்ளைகளோடும் இருந்துகொண்டே விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் இவர்கள். தமிழ்நாட்டில் இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இவர்கள் வீடுகளில் எழும் சண்டையை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும்: இயேசு கடவுளா இல்லையா என்ற கேள்வி அங்கே அபூர்வமாகத்தான் எழுகிறது. எதைச் சாப்பிடுவது, நெற்றியில் என்ன வைப்பது, குலதெய்வக் கோயிலுக்கு வருவாளா, செத்தால் எரிப்பதா புதைப்பதா என்பதே தகராறு. நீ எந்தப் பக்கம் என்று சபை கேட்கிறது, அரசாங்கமும் கேட்கிறது. வீடோ அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரச்சினை சபையின் வயதளவுக்குப் பழையது. கி.பி. 50களில் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறார். விசுவாசியாகாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் தள்ளிவிடக் கூடாது. பிரிந்துபோக நினைத்தால் போகட்டும். இது கர்த்தருடைய கட்டளை அல்ல, தம் ஆலோசனை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். ஏற்கெனவே மணமானவர்களில் ஒருவர் மட்டும் விசுவாசத்துக்கு வந்த நிலைமைக்கான பேச்சு இது. தமிழ்ப் பிரசங்க மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் 'அந்நிய நுகம்' என்ற எச்சரிக்கை இரண்டாம் நிருபத்தில் வருவது. புதிதாகச் செய்யப்போகும் பிணைப்புகளைத் தடுக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இருபது வருடம் குடும்பம் நடத்தியவளிடம் அவள் அந்நிய நுகத்தில் இருப்பதாகச் சொல்லும் ஊழியர்கள் உண்டு. அவர்கள் ஏழாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

சாப்பாட்டுக்கும் அதே நிருபத்தில் விதி இருக்கிறது. சந்தையில் விற்கும் இறைச்சியை விசாரிக்காமல் வாங்கலாம். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் இலையில் வைத்ததைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம். படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும், சொன்னவரின் மனசாட்சிக்காகத் தவிர்க்க வேண்டும். விருந்தாளிக்கு இந்த விதி போதும். மருமகளுக்கு? சர்க்கரைப் பொங்கலைக் கிண்டியவளே அவள்தான். படையல் போட இலை கழுவிக் கொடுத்தவளும் அவள்தான். "சாமி பிரசாதம்மா, எடுத்துக்கோ" என்று மாமியார் வாய்விட்டுச் சொல்லாமல் கொடுப்பதும் இல்லை. விசாரிக்காமல் இருக்கும் வசதி விருந்தாளிக்கு உண்டு, சமையற்கட்டில் இருப்பவளுக்கு இல்லை. பவுல் திருமணம் ஆகாதவர் என்பது இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது.

பவுலுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரத்திலிருந்து கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். தம் மனைவிக்கு எழுதிய சிறுநூலில், தமக்குப் பிறகு மறுமணம் செய்வதானால் புறஜாதியானை மட்டும் கட்டாதே என்கிறார். அதற்கு அவர் அடுக்கும் காரணங்கள் இறையியலைவிடக் குடித்தனத்தைப் பற்றியவை; அதனால்தான் இன்றும் உயிரோடு இருக்கின்றன. நீ உபவாசம் இருக்கும் நாளாகப் பார்த்து அவன் விருந்து வைப்பான். ஊழியத்துக்குப் புறப்படும் நேரத்தில்தான் வீட்டில் தலைபோகிற வேலை முளைக்கும். இரவுக் கூட்டத்துக்கும் ஈஸ்டர் இரவு முழுவதற்கும் எந்தக் கணவன் அனுப்புவான்? ஏழைகளின் குடிசை குடிசையாக மனைவி ஏறி இறங்குவதை எவன் பொறுப்பான்? சிறையில் கிடக்கும் சகோதரனின் விலங்கை முத்தமிட விடுவானா? நள்ளிரவில் எழுந்து ஜெபித்தால், படுக்கையிலும் உடலிலும் சிலுவைக் குறி போட்டால், ஏதோ மந்திரம் செய்கிறாள் என்று நினைக்க மாட்டானா? எல்லா உணவுக்கும் முன்னால் ரகசியமாக அவள் வாயில் போட்டுக்கொள்ளும் அப்பத்தைப் பற்றி என்னென்ன சந்தேகப்படுவான்? புதுமாதப் பிறப்பிலும் வருடப் பிறப்பிலும் வீடெல்லாம் தூபம் மணக்கும், இலைத்தோரணம் கட்டி விளக்கேற்றிய வாசல் வழியாகத்தான் அவள் வெளியே போக வேண்டியிருக்கும். சில கணவர்கள் எதையும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் மனைவியின் சீதனத்தைத் தங்கள் மௌனத்துக்கு விலையாகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு வரி வருகிறது. அப்பம் என்ற சொல்லை எடுத்துவிட்டால் இது மதுரைப் பக்கத்து ஜெபக்குழு ஒன்றில் கேட்கக்கூடிய புலம்பல்தான்.

தெர்த்துல்லியன் இந்த வாழ்க்கை முடியாது என்று எழுதினார். அதே வட ஆப்பிரிக்காவில் அடுத்த நூற்றாண்டில் மோனிக்கா அதை வாழ்ந்தார். தகாஸ்தே ஊரில், கோபக்காரரும் பிற பெண்களிடம் போகிறவருமான பத்திரீசியசுடன் குடும்பம் நடத்தினார்; அவர் இறப்பதற்குச் சற்று முன்தான் கிறிஸ்தவரானார். மகன் அகஸ்டின் தம் 'ஒப்புதல்கள்' நூலின் ஒன்பதாம் பகுதியில் இதை விவரிக்கும்போது மாமியார் கதையையும் சேர்க்கிறார். வேலைக்காரப் பெண்கள் கோள்மூட்டியதால் மாமியார் பகையானதும், மோனிக்காவின் பொறுமையால் சமாதானமானதும், பிறகு கோள்மூட்டியவர்களுக்குக் கசையடி விழுந்ததும் அதில் உண்டு. பிரசங்கங்களில் பொறுமை மட்டும் வரும், கசையடி வராது.

தமிழ்நாட்டுக்கு வந்தால், பெரிய ரத்த சாட்சி ஒருவரின் கதையே ஒரு குடும்ப வழக்குதான். போர்ச்சுகீசிய இயேசு சபைத் துறவி ஜான் தெ பிரிட்டோ, தமிழில் அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். காரணம் தேடிப் போனால் தடியத்தேவர் என்ற மறவர் தலைவரின் வீட்டு முற்றத்துக்கு வந்து சேருவோம். ஞானஸ்நானம் பெற வேண்டுமானால் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அவர் மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் உறவுப்பெண். அவள் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள். திருத்தல வரலாறுகளில் இந்தப் பெண் பழிகாரியாகவே வருகிறாள். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட ஒருத்தி வேறு எங்கே போய் முறையிட்டிருப்பாள் என்ற கேள்வியையும் கேட்கத்தான் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வழக்குகள் அரண்மனையிலிருந்து ஆங்கிலேயர் நீதிமன்றத்துக்கு மாறின. மதம் மாறியவர் சொத்துரிமையை இழக்கக் கூடாது என்று 1850இல் ஒரு சட்டம் வந்தது; சென்னை மாகாண இந்துக்கள் அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். 1866இல் வந்த சட்டம் இன்னும் நுணுக்கமானது. கிறிஸ்தவரானதற்காகத் துணை ஆறு மாதம் விலகியிருந்தால் வழக்குத் தொடுக்கலாம். விலகியவரை நீதிபதி விசாரிப்பார், இவர் மதம் மாறியதுதான் காரணமா என்று கேட்பார். ஆம் என்றாலும் உடனே தீர்ப்பு கிடையாது. மனம் மாற ஒரு வருட அவகாசம். அதற்குப் பிறகும் வரமாட்டேன் என்றால்தான் திருமணம் முறியும். பவுல் சொன்ன "போகட்டும்" என்ற யோசனை பிரிட்டிஷ் இந்தியாவில் தவணை தேதியோடு சட்டமானது இப்படித்தான்.

அந்தக் காலத்துப் பிரிவுகளில் மறுதரப்பின் குரல் முழுதாகக் கிடைப்பது மராத்தியில். கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895 பிப்ரவரியில் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். ஆசாரப் பிராமணப் பெண்ணான மனைவி லட்சுமிபாய் அவரோடு போகாமல் சில ஆண்டுகள் உறவினர்களோடு பிரிந்தே இருந்தார். பின்பு கணவரிடம் திரும்பினாலும் தீட்டுப் பார்த்துத் தனியாகச் சமைத்துக்கொண்டார். அந்த ஆசாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உதறி, 1900இல் தாமும் ஞானஸ்நானம் பெற்றார். 1930களில் வெளிவந்த 'ஸ்மிருதி சித்ரே' என்ற தன்வரலாற்றில் இதையெல்லாம் சிரிப்பும் கோபமுமாகச் சொல்கிறார். விசுவாசியானவர்களின் சாட்சிகள் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கின்றன. அந்த விசுவாசியோடு வாழ வேண்டியிருந்தவர், அதுவும் தாம் நம்பாமல் இருந்த வருடங்களைப் பற்றி, இவ்வளவு நேர்மையாக எழுதியது அபூர்வம். வீட்டில் ஒருவர் கும்பிடும் சாமியை மாற்றிக்கொண்டால் மற்றவருக்கு அது விதவையாவதைப்போன்ற இழப்பு என்பதை இந்த நூலைப் படித்தால் உணரலாம்.

தென்தமிழ்நாட்டில் இதற்கு வேறொரு வழி பிறந்தது, சிவகாசியில். திருநெல்வேலியின் தெற்கில் நாடார்கள் மதம் மாறியது பெரும்பாலும் ஊர் ஊராக, சொந்தபந்தம் சேர்ந்து. 1799இல் உருவான முதலூர் அதற்கு முன்மாதிரி. முழுக் குடும்பமும் வேதத்தில் சேர்ந்துவிட்டால் அடுப்படியில் தகராறு இல்லை. வடக்கே சிவகாசி, விருதுநகர் வணிக நாடார்களின் நிலைமை வேறு. அங்கே உறவின்முறைதான் எல்லாம்: வியாபாரிகளிடம் பிரிக்கும் மகமைப் பணம், அதில் நடக்கும் கோயிலும் பள்ளிக்கூடமும், கடன், கொள்முதல், பெண் எடுப்பது கொடுப்பது. ஒரு குடும்பம் மதம் மாறினால் இழப்பது கோயிலை மட்டுமல்ல, கடையையும் சேர்த்து. வடதிருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றிய கேம்பிரிட்ஜில் படித்த மிஷனரி தாமஸ் ராக்லாண்ட் 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். தெற்கில் நடந்தது போன்ற கூட்டமான மதமாற்றம் அங்கே நடக்கவில்லை. ஆனால் வாசல் வழியாக நுழையாதது பின்கட்டு வழியாக நுழைந்தது. மிஷன் அமைப்புகள் அனுப்பிய வேதாகமப் பெண்கள், ஆண்கள் கடைக்குப் போன பிறகு வீடுகளுக்கு வந்து எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள், கதை சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, வெளியில் இந்துக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தபடியே கிறிஸ்துவை ரகசியமாகக் கும்பிடும் ஒரு மரபு அங்கே வேர்விட்டது. அமெரிக்க ஆய்வாளர் எலைசா கென்ட் 2011இல் 'சிவகாசியின் ரகசியக் கிறிஸ்தவர்கள்' பற்றி எழுதிய கட்டுரை இதைத்தான் ஆராய்கிறது.

ரகசியம் என்றால் கோழைத்தனம் என்று அன்றைய மிஷனரிகள் பலர் நினைத்தார்கள். அதே நெல்லைச் சீமையில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் 1903இல் வெளியிட்ட நூலில், கிறிஸ்துவை நாடியதற்காக வீட்டுக்குள் பூட்டப்பட்ட பெண்களைப் பற்றி எழுதுகிறார். அவரைப் பொறுத்தவரை வெளியே வருவதே விசுவாசத்தின் நிரூபணம். வெளியே வந்தவர்களுக்கு அவர் டோனாவூரில் இடமும் கொடுத்தார். ஆனால் எத்தனை பேருக்கு ஒரு டோனாவூர் கிடைக்கும்? பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாதவள் என்ன செய்வாள்? உள்ளேயே இருந்தவர்களின் வாழ்க்கையைத் தோற்றவர்களின் வாழ்க்கையாகப் படித்தது மிஷனரி இலக்கியத்தின் பெரிய குறை.

இன்றைய நிலைமையில் ரகசியம் குறைவு, சாமர்த்தியம் அதிகம். பெந்தெகொஸ்தே சபைகளில் பெண்களுக்கான உபவாச ஜெபம் பல இடங்களில் வாரநாளில், காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை நடக்கிறது. கணவர் வேலைக்குப் போயிருப்பார், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மூன்று மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். வேதாகமம் பீரோவில் புடவை அடுக்குக்குள் இருக்கும், அல்லது போனில். வேளாங்கண்ணிக்குப் போவதற்கு எந்த மாமியாரும் தடை சொல்வதில்லை. மாமியாரே மொட்டை போட்டுக்கொள்ள வருவார். மாதாவைக் கும்பிடலாம், சிக்கல் "இனிமே வேற எதையும் கும்பிட மாட்டேன்" என்பதில்தான் தொடங்குகிறது. தமிழ் வீடு ஒரு சாமி கூடுவதைத் தாங்கும். மற்ற சாமிகளைக் கழிப்பதைத்தான் தாங்காது.

பொட்டும் தாலியும் இன்னும் கடினம். கத்தோலிக்கப் பெண்கள் பொட்டும் பூவும் வைத்துக்கொள்கிறார்கள், சிலுவை பொறித்த தாலி கட்டிக்கொள்கிறார்கள், பிரச்சினையில்லை. 1920களில் இலங்கையில் தொடங்கி இன்று சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட தி பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற சபைகள் நகையையே தவிர்க்கச் சொல்கின்றன. கணவன் உயிரோடு இருக்கும்போது ஒருத்தி பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றினால் அந்த வீட்டுக்கு அது ஒன்றைத்தான் சொல்லும்: இவள் புருஷன் சாக வேண்டும் என்று நினைக்கிறாள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அவிசுவாசியான கணவனுக்கு அடங்கி, பேசாமல், நடக்கையினாலே அவனை ஆதாயப்படுத்து என்று சொல்வது பேதுருவின் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரத் தொடக்கம். பொன்னாபரணத்தை அலங்காரமாகக் கொள்ளாதே என்பதும் அதே இடத்தில், இரண்டு வசனம் தள்ளி. ஆசியா மைனர் சபைகளுக்கு ஒன்றுக்கொன்று துணையாக எழுதப்பட்ட இரண்டு புத்திமதிகள் தமிழ் வீட்டில் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. முதலாவதைக் கடைப்பிடிக்க நினைக்கிற பெண் இரண்டாவதை மீற வேண்டியிருக்கிறது. விவேகமுள்ள போதகர்கள் தாலியைக் கழற்றச் சொல்வதில்லை.

சாவு வீட்டில் எல்லாச் சமாளிப்பும் முடிந்துவிடும். ஞானஸ்நானம் பெறாதவளின் பெயர் சபை ரிஜிஸ்டரில் இருக்காது. உயிரோடிருந்தபோது அவள் தசமபாகம் கொடுத்திருப்பாள், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இராப்போஜன ஞாயிறுகளில் மற்றவர்கள் எழுந்து பீடத்தருகே போகும்போது அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ரிஜிஸ்டரில் இல்லாததால் கல்லறைத் தோட்டத்தில் உரிமையோடு இடம் கேட்க முடியாது. மகன் கொள்ளி வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறவர்கள் பங்காளிகள்.

இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைச் சபை என்னவென்று கணக்கில் எடுப்பது? சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர், ஞானஸ்நானம் பெறாமல் இயேசுவை மட்டும் வழிபடுகிறவர்களைத் தேடிப் பேட்டி கண்டார், சென்னை நகரத்தில் மாதிரிக் கணக்கெடுப்பும் நடத்தினார். 'திருச்சபையற்ற கிறிஸ்தவம்' என்று பொருள்படும் அவர் நூல் 1991இல் வந்தது. அதற்கு முன்பே 1970களின் தொடக்கத்தில் இறையியலாளர் எம். எம். தாமஸும், அப்போது சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகினும் எழுத்தில் மோதியிருந்தார்கள். இந்துச் சமூகத்தை விட்டு வெளியேறாமலே கிறிஸ்துவின் ஐக்கியம் இருக்கலாம் என்பது தாமஸின் பக்கம். கண்ணுக்குத் தெரியும் ஒரு சமூகமாகச் சேராமல் அது நிலைக்காது என்பது நியூபிகினின் பக்கம். நியூபிகின் சொன்னதில் நியாயம் உண்டு: ஆதரவுக்கு ஆளில்லாத விசுவாசம் அடுத்த தலைமுறைக்குப் போவது கடினம். ஆனால் அந்த விவாதத்தில் பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள், குடும்பத்தோடு சேர்ந்து ஆலயத்துக்குப் போகிறவர்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் வெளியே போவதே பெரும்பாடு.

ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவதற்குக் கணவனுக்குப் பயப்படுவது மட்டும் காரணமல்ல. சட்டத்தைப் பார்த்தால் கணக்குத் தெளிவாகும். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி துணை வேறு மதத்துக்கு மாறினால் விவாகரத்துக் கேட்கலாம். அடுத்த ஆண்டு வந்த வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மாறியவரை விட்டுவிட்டு, மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் பங்கில்லை என்கிறது. பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதியை இழக்கிறார்கள்; தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கல்லூரி இடமும் அரசு வேலையும் ஊராட்சித் தேர்தலில் தனித்தொகுதியும் இந்தச் சான்றிதழில் தொங்குகின்றன.

ஒரே வீட்டில் இரண்டு வழிபாடு இருந்தால் அந்தச் சான்றிதழ் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டத்தில் கிறிஸ்தவரை மணந்த பட்டியல் சாதிப் பெண் மருத்துவர் ஒருவரின் சான்றிதழை 2013இல் ரத்து செய்தார்கள். பிள்ளைகளைக் கணவரின் மதத்தில் வளர்க்கிறார், அவர் கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதைப் பார்த்தோம் என்பது அதிகாரிகளின் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் 2021 அக்டோபரில் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது: கணவரோடும் பிள்ளைகளோடும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதால் ஒருவர் தம் மதத்தைக் கைவிட்டதாகிவிடாது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் எதிர்த் திசையில் தீர்ப்பளித்தது. தந்தை இந்து, தாய் கிறிஸ்தவர். மனுதாரர் குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவர், ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவர். தாம் இந்து என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இடஒதுக்கீட்டுக்காக மட்டும் அப்படிச் சொல்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்றது. இரண்டு வழக்கிலும் கலந்த குடும்பம்தான், இரண்டிலும் ஆலயப் போக்குவரத்து உண்டு. முடிவை மாற்றியவற்றில் முக்கியமானது ஆலயப் பதிவேட்டில் இருந்த அந்த ஒரு ஞானஸ்நானம்.